கூரை கழற்றிய வீட்டுக்குக் காப்புறுதி உண்டா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

திருகோணமலையில் உவர்மலை, அலஸ்தோட்டம், உப்புவெளி என்று எந்தப் பக்கம் போனாலும் கம்பி நீட்டிய தூண்களோடு ஒரு பழைய வீடாவது கண்ணில் படுகிறது. உடையவர்கள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார்கள். ஆடி, ஆவணியில் வந்து, மேல்மாடி எடுக்கவும் குசினியைப் பின்னால் நீட்டவும் மேசனிடம் பேசி முடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வேலை மாரிக்கு முன் முடிவதில்லை. ஆளில்லாமல், பாதி உடைத்தும் பாதி கட்டியும் கிடக்கும் இந்த வீடுகளின் காப்புறுதிப் பத்திரம் ஆபத்து வரும் நாளில் கைகொடுக்காமல் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அலஸ்தோட்டத்திலுள்ள என் தங்கையின் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. காப்புறுதியை ஆண்டு தவறாமல் புதுப்பித்து வந்தோம். கடந்த மாரியில் மேல்மாடிக்காகப் பின்பக்கத்து ஓடுகளைக் கழற்றி, தறப்பாள் போட்டுக் கட்டியிருந்தார்கள். வாடைக்காற்று ஓரிரவில் அதன் ஒரு மூலையைக் கிழித்துவிட்டது. மறுநாள் காலை போனால், முதிரைக் கதவு ஊறி நிலையோடு இறுகிப்போயிருந்தது. மேசன் தோளால் இடித்துத்தான் திறந்தார். சீலிங் பலகைகள் கட்டிலின் மேல் விழுந்து கிடந்தன. அம்மாவின் அலுமாரியின் கீழ்த்தட்டில் தண்ணீர் நின்றது. அவருடைய கூறைச்சேலை அதற்குள்தான் இருந்தது. அந்த வாரமே தண்ணீர் மோட்டரும், பூட்டுவதற்கென்று வாங்கி வைத்த வயர்ச் சுருள்களும் களவு போயின.

காப்புறுதி நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் மரியாதை தெரிந்த இளைஞர். எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டு மின்கட்டணப் பட்டியல்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மாதத்துக்கு மாதம் ஒற்றை இலக்க அலகுகள். "அம்மா, இந்த வீட்டில் ஒருவரும் குடியிருக்கவில்லையே" என்றார். இழப்பீடு கிடைக்காது என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

பின்னர் வந்த கடிதத்தில் மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது, வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், நிறுவனத்தின் எழுத்துமூல இணக்கம் பெறாதவரை காப்பு நின்றுவிடும். தீக் காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாக வரும் நிபந்தனை இது. இரண்டாவது மழை பற்றியது. புயல் கூரையைப் பிய்த்து, அந்த வழியாக மழை உள்ளே வந்தால் இழப்பீடு உண்டு. வேலைக்காக நாமே கழற்றிய கூரை வழியாக வந்தால் இல்லை. 2020 டிசம்பரில் புரவி புயல் திருகோணமலை நகருக்கு வடக்கே கரையைக் கடந்த இரவை மறக்காத எவருக்கும் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, களவுக்கு இழப்பீடு வேண்டுமானால் பலவந்தமாக உடைத்து நுழைந்த அடையாளம் இருக்க வேண்டும். யன்னல் பூட்டாத சுவரில் எதை உடைப்பது?

இவை பத்திரத்தில் உள்ளவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பணத்தை வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதித் தந்தவர்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த பல பக்கப் பத்திரத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டால், விளக்கிச் சொன்னதாகிவிடுமா?

ஒப்பந்தக்காரரிடம் காப்புறுதி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கட்டட வேலைக்கென எடுக்கும் சகல இடர் காப்புறுதி புதிதாகக் கட்டும் பகுதியையும் அங்கே இறக்கிய பொருட்களையும் காக்கும். ஏற்கெனவே நிற்கும் பழைய வீடு தனியாகக் குறிப்பிட்டுச் சேர்த்தால்தான் அதற்குள் வரும். வேலையால் அயலவரின் மதில் சரிந்தால், பிறருக்கு நேரும் சேதத்தைக் காக்கும் மூன்றாந்தரப்புப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். நம்மூரில் பெரும்பாலும் மேசனை நாட்கூலிக்கு வைத்து நாமே வேலை செய்விக்கிறோம். அங்கே ஒப்பந்தக்காரரும் இல்லை, அவருடைய காப்புறுதியும் இல்லை. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் நட்டஈடு நம் தலையில் வரலாம்.

மேல்மாடி எழும்பிய பிறகும் பழைய தொகைக்கே புதுப்பிப்பது இன்னொரு ஆபத்து. இரண்டு கோடி ரூபாய் பெறுமதியான வீட்டை ஒரு கோடிக்குக் காப்புறுதி செய்திருந்தால், பத்து இலட்சம் சேதத்துக்கும் அதே விகிதத்தில் ஐந்து இலட்சம்தான் தருவார்கள்.

ஆகவே, முதல் ஓட்டைக் கழற்றுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதுங்கள். வீடு எப்போதிலிருந்து ஆளில்லாமல் இருக்கும், என்ன வேலை, எவ்வளவு காலம், சாவி யாரிடம் என்று குறிப்பிடுங்கள். கட்டணம் சற்றுக் கூடலாம். கிழமைக்கு ஒருமுறை ஒருவர் வந்து பார்த்துக் கொப்பியில் குறிக்க வேண்டும், வேலை நேரம் தவிர மின்சாரத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நிபந்தனைகளும் விதிக்கலாம். விதிக்கட்டும். அவர்களின் இணக்கத்தைப் பத்திரத்தோடு இணைக்கும் மேலொப்பமாகப் பெறுங்கள். முகவர் தொலைபேசியில் "பிரச்சினை இல்லை" என்று சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, நிறுவனத்திடம் முறையிட்டும் நியாயம் கிடைக்காவிட்டால் இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும், கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். நாங்களும் எழுதியிருக்கிறோம்.

திருகோணமலையில் கிளை நடத்தும் காப்புறுதி நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. புதுப்பித்தல் அறிவித்தலில் தமிழில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்களா? இந்த ஆண்டு உடைத்துக் கட்டும் வேலை ஏதும் உண்டா? ஆம், இல்லை என்று அடையாளமிட இடம் விடுங்கள். கட்டட அனுமதிக்கு வருபவர்கள் கண்ணில் படும்படி உள்ளூராட்சி சபைகளும் இதே கேள்விகளை அறிவித்தற்பலகையில் ஒட்டலாம். வரும் ஐப்பசிக்கு முன் இதைச் செய்ய முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.