நடுவது ஒரு நாள், காப்பது மூன்று வருடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை நெருங்கினால் மலைப்பகுதி மரம் நடுவிழாச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். எத்தனை ஆயிரம் கன்று என்பது முதல் வரியிலேயே இருக்கும். என்ன கன்று, நட்டபின் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது இருக்காது. மழைக்காட்டுக்கு இந்த இரண்டும்தான் உயிர்.

வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பு, சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், நடுவே தேயிலை, காப்பித் தோட்டங்கள். அவற்றுக்கிடையே துண்டு துண்டாகச் சோலைகள், அதாவது மிஞ்சிய மழைக்காடுகள். சிங்கவால் குரங்கும் இருவாச்சிப் பறவையும் இன்னும் இந்தத் துண்டுகளை நம்பித்தான் இருக்கின்றன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே சோலைகளை மீட்டு வருகிறது. தானாக வளரட்டும் என்று விட்ட இடங்களைவிட, நட்டுப் பராமரித்த இடங்களில் மர வகைகளும் நிழலும் கூடியிருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

விதையிலேயே கவனம் வேண்டும். வெடிப்பலா போன்ற மழைக்காட்டு மர விதைகள் காய்ந்தால் முளைக்காது. பொறுக்கிய சில நாளிலேயே விதைத்துவிட வேண்டும். கருங்குங்கிலியமோ முளைக்கவே மாதக்கணக்காகும். சோலைக்குள் விழுந்த விதை அங்கேயே கிடக்கட்டும். சாலையோரத்திலும் தோட்டத்திலும் விழுந்து வீணாவதைப் பொறுக்கினாலே போதும். நாற்றுப் பையிலேயே கன்றை நெடுநாள் வைத்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். அப்படிப்பட்ட கன்று நட்டபின் பார்வைக்குப் பச்சையாக நின்று, இரண்டாம் கோடையில் சாயும்.

நடும்முன் உண்ணிச்செடி என்ற களையை வேரோடு பிடுங்க வேண்டும். சோலைக்குள் பரவிய ரொபஸ்டா காப்பியும் அப்படித்தான். வெட்டினால் அடியிலிருந்து துளிர்த்துவிடும். ஆனால் தானாக முளைத்திருக்கும் காட்டுக் கன்றுகளையும் சேர்த்து அறுத்துத் தள்ளுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. களையெடுக்கும் முன்பே அவற்றுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வைக்க வேண்டும். வெயில் விழும் ஓரங்களுக்கு வட்டக்கண்ணி மரம் ஏற்றது. வெடிப்பலாவுக்கு நிழல் வேண்டும், வெட்டவெளியில் நட்டால் கருகிவிடும். தோட்டங்களில் நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக் மரம் வேகமாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் இருவாச்சி தின்னும் பழம் அதில் கிடையாது. இரண்டு சோலைகளை இணைக்க ஓடைக்கரையே முதல் இடம். யானைகளும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகின்றன.

இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் ஆயிரம் கன்று. நடுவது சில நாள் வேலை. அதற்குப் பின் மூன்று வருடமாவது, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, கன்றைச் சுற்றி மூன்றடி வட்டத்தில் களையெடுக்க வேண்டும். மிக்கானியா கொடி ஒரே மழைக்காலத்தில் கன்றை மூடிவிடும். மலைவாழ் குடும்பங்களுக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் கூலி கிடைக்கக்கூடிய இடம் இதுதான். விதை பொறுக்குவது, பையில் மண் நிரப்புவது, நாற்றங்கால் காப்பது, களையெடுப்பது எல்லாம் உள்ளூர்க்காரர் செய்யக்கூடியவை. எந்த மரம் எந்த மாதம் காய்க்கும் என்பதை இந்த மலைப் பழங்குடியினரான காடர் மக்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அறிவுக்கும் கூலி உண்டு என்று திட்டத்திலேயே எழுத வேண்டும்.

நடுவதற்கு நிதி தரும் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் பணத்தைப் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே கொட்டிவிடுகின்றன. பாதியை நாற்றங்காலுக்கும் நடவுக்கும் கொடுத்துவிட்டு, மீதியை மூன்று வருடக் களையெடுப்புக் கூலியாக ஒதுக்கட்டும். ஒவ்வொரு கோடை முடிவிலும் உயிரோடு நிற்கும் கன்றுகளை இன வாரியாக எண்ணி வெளியிடட்டும். தங்கள் நாளிதழும் நடுவிழாப் படத்தோடு, மூன்று வருடம் முன்பு நட்ட இடத்தின் கணக்கையும் கேட்டு வாங்கிப் போட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
வால்பாறை