கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று போன வாரம் நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்ஜின், டயர், இன்சூரன்ஸ், ஆர்.சி. புத்தகம் எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். கியர் பாக்ஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய வண்டிக்காரர்கள் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுவது பெரும்பாலும் அங்கேதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

மாருதி 800, அம்பாசடர் இரண்டுமே 2014-ல் உற்பத்தி நின்றுபோனவை. ஆனாலும் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன, 2022 ஏப்ரலில் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆன பிறகும் கட்டிப் புதுப்பித்துத்தான் ஓட்டுகிறார்கள். இப்படிப்பட்ட வண்டியில் ஒரு நாள் கியர் விழ அடம்பிடிக்கும், இல்லாவிட்டால் கரகரவென்று சத்தம் வரும். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "பாக்ஸை இறக்கணும் சார்." நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: வெளியில் இருக்கிறதைப் பார்த்து முடிக்காமல் பாக்ஸை இறக்க விடாதீர்கள்.

வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஆஃப் செய்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுகிற கியர், ஸ்டார்ட் செய்ததும் முரண்டு பிடித்தால் கோளாறு பெரும்பாலும் கிளட்சில், அதாவது கிளட்ச் முழுசாக விலகி இன்ஜினையும் பாக்ஸையும் பிரிக்கவில்லை. மாருதி 800-ல் கேபிள் கிளட்ச்தான், கேபிள் தளர்ந்திருந்தாலோ உள்ளே இழை பிரிந்திருந்தாலோ இப்படித்தான் ஆகும், டைட் வைத்தாலோ புதுக் கேபிள் போட்டாலோ சரியாகிவிடும். ஆஃப் செய்திருக்கும்போதும் கியர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது, லீவர் தொளதொளவென்று ஆடுகிறது என்றால், லீவரிலிருந்து பாக்ஸுக்குப் போகும் ராடின் மூட்டுகளில் இருக்கும் புஷ்கள் தேய்ந்திருக்கும். ரப்பரும் பிளாஸ்டிக்கும்தானே, எத்தனை வருஷம் தாங்கும்?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேறு பாக்ஸ் மாற்ற 18,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். வேறொரு மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, இரண்டு புஷ் மாற்றினார், முடிந்தது. அந்த அம்மா பென்ஷனில் வாழ்கிறவர். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

அப்புறம் ஆயில். இன்ஜின் ஆயிலைத் தேதி குறித்து வைத்து மாற்றுகிறவர்கள்கூட கியர் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு முறைகூட மாற்றாதவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று போட்டிருக்கும், புத்தகம் இல்லாவிட்டால் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். கிலோமீட்டர் கணக்கைவிட முக்கியமானது கிரேடு, அதாவது ஆயிலின் ரகம். பழைய பாக்ஸ்களில் கியர்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது பித்தளை சிங்க்ரோ ரிங்தான், அதற்கு ஏற்றது ஜி.எல்.-4 ஆயில். அம்பாசடர் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளின் பின் ஆக்ஸிலுக்கு ஊற்றுகிற ஜி.எல்.-5 ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். அதில் சில வகை பித்தளையை அரிக்கும், அரிக்காவிட்டாலும் வழுக்கல் கூடிப்போய் ரிங் பிடிக்காமல் கியர் கரகரக்கும். ஒரே கேனிலிருந்து இரண்டுக்கும் ஊற்றுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பக்கத்தில் நின்று, கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள், தப்பே இல்லை.

ஆயில் மாற்றும்போது முதலில் ஊற்றுகிற நட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பல வருஷம் தொடாத நட்டு இறுகிக் கிடக்கும், கீழே உள்ளதைத் திறந்து ஆயிலை எல்லாம் வடித்துவிட்ட பிறகு மேலே திறக்க முடியவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி மினுமினுப்பு கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம், தேய்மானம்தான். பல் துண்டோ இரும்புச் சில்லோ வந்தால் பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும்.

இறக்கித்தான் ஆக வேண்டிய கோளாறுகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது உய்யென்று ஒரு சத்தம் இருந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால், இன்ஜின் சுழற்சியைப் பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாப்டின் பேரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், கிளட்சைத் தள்ளி விலக்குகிற ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக வெளியே வந்தால் உள்ளே நன்றாகத் தேய்ந்திருக்கிறது, அதைத் தள்ளிப்போடக் கூடாது, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, இறக்கத்தில் கியர் கழன்றால் முழுப் பாரமும் பிரேக்குக்குப் போய்விடும். ரிவர்ஸ் கரகரத்தால் மட்டும் உடனே பயப்பட வேண்டாம், பல பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது, வண்டி முழுசாக நின்று, கிளட்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போட்டால் விழும்.

சரி, இறக்கியாகிவிட்டது என்றால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். லேபர் ஒன்றுதான், சீலுக்காக மறுபடி இறக்கினால் அது இரட்டைச் செலவு. பழைய பாக்ஸ் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் வண்டியின் வருஷத்தைக் குறித்துக்கொண்டு போங்கள், மாருதி 800-லேயே நாலு கியர் பாக்ஸும் உண்டு, அஞ்சு கியர் பாக்ஸும் உண்டு. ஷாப்டைக் கையால் சுற்றிப் பார்த்து, ஆட்டம் இருக்கிறதா, எல்லாக் கியரும் விழுகிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

மெக்கானிக் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: எந்தக் கிரேடு ஆயில் ஊற்றினீர்கள் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள், கழற்றிய பழைய பாகங்களை வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். ஆசிரியருக்கும் ஒன்று. அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பகுதி வருவதாக இருந்தால், பாக்ஸ் பிரித்துக் கோப்பதையே தொழிலாகச் செய்கிற பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொள்ளாச்சி.