அரை மணி நேரக் கூத்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். பெங்களூரில் உங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவுக்கு நம்ம செய்யாறு பக்கத்துக் கூத்து ஜமாவை, அதாவது ஆட்டக் குழுவைக் கூப்பிடலாம் என்று உனக்குத் தோன்றியதே பெரிய சந்தோஷம். ஆனால் "அரை மணி நேரம் போதும், அஞ்சு பேர் வேஷம் கட்டி வந்தால் சரி" என்றாயே, அங்கேதான் இடிக்கிறது.

கூத்து ராத்திரி ஆரம்பித்து விடியும்போது முடிகிற சங்கதி. வேஷம் கட்டவே மணிக்கணக்காகும். அரிதாரத்தை அவரவரே கண்ணாடி பார்த்துப் பூசிக்கொள்வார்கள். கிரீடம், தோளில் கட்டும் புஜகட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் மினுக்குக் காகிதமும் ஒட்டியவை. இந்த மர அணிகளைத்தான் கட்டை என்பார்கள், அதனால்தான் கட்டைக்கூத்து என்ற பெயரும். லேசான மரம்தான். ஆனாலும் அதைக் கட்டிக்கொண்டு சுழன்று ஆடிக்கொண்டே பாடவும் வேண்டுமே. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடி, கொஞ்சம் கொஞ்சமாக முகம் காட்டி வெளியே வருவதே ஒரு தனி ஆட்டம். உன் அரை மணியில் ராஜா திரையைத் தாண்டியிருக்க மாட்டார்.

ஆளும் ஐந்து பேர் போதாது. வேஷக்காரர்கள் போக ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், ஊதுகிற முகவீணை, தாளம் என்று பத்துப் பன்னிரண்டு பேராவது வருவார்கள். செலவைக் குறைக்க முகவீணையை விட்டுவிடச் சொல்லாதே. அந்தக் கீச்சுக்குரல் இல்லாத கூத்து எனக்குச் சப்பென்றுதான் இருக்கும்.

நீ அனுப்பிய அழைப்பிதழ் மாதிரியில் "அழிந்துவரும் கலையைக் காப்போம்" என்று போட்டிருக்கிறாய். அதை முதலில் எடு. பங்குனி முதல் ஆடி வரை வந்து பார்த்தால் தெரியும், இங்கே ஒரு நல்ல ஜமாவின் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசியில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான், சுற்றிலும் கூத்து நடக்கும், அப்புறம் தீமிதி. ஊர்க்காரர்கள் வரி போட்டு நடத்துகிறார்கள். யாரும் கலையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செய்வதில்லை. அவர்களுக்குக் கூத்து வேண்டும், அவ்வளவுதான்.

கஷ்டம் மற்ற மாதங்களில். புரட்டாசியிலிருந்து மார்கழி வரை அழைப்பு குறைந்துவிடும். கருமாதிக்கு, கர்ணன் சாகும் கதையான கர்ண மோட்சம் ஆடக் கூப்பிடுவார்கள், மற்றபடி வயல் வேலை, கொத்து வேலை என்று போகிறவர்கள் பலர். உங்களைப் போன்றவர்கள் அந்த மாதங்களில் கூப்பிட்டால் அதுதான் உதவி. நீ ஏதோ இண்டி இசைக்குழு என்று டிக்கெட் வாங்கிப் போகிறாய், அவர்கள் படம் போட்ட டி-ஷர்ட்டும் வாங்குகிறாய். இவர்களும் எந்தக் கம்பெனி தயவும் இல்லாமல் சொந்தமாக ஜமா கட்டி, சொந்தமாகப் பெட்டி சுமந்து ஊர் ஊராகப் போகிறவர்கள்தான்.

காஞ்சிபுரத்தை ஒட்டி 1990இல் கலைஞர்களே சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் ஆரம்பித்தார்கள். பெருங்கட்டூர் ராஜகோபால் வாத்தியார் அதில் முக்கியமானவர். 2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் தொடங்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய மேடையில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டி ஏறியது அங்கேதான் பெரிய அளவில் நடந்தது. 2020இல் குருகுலத்தை மூடிவிட்டார்கள். அங்கே படித்த பெண்கள் இன்றும் ஆடுகிறார்கள். பெண்கள் ஆடும் குழுவைக் கூப்பிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம். உன் அம்மாவும் நிச்சயம் கிளம்பிவிடுவாள்.

என்ன ஆட்டம் என்று கேட்டாய். கர்ண மோட்சம் எனக்கு உயிர், ஆனால் பொங்கலுக்கு வேண்டாம். நம்ம ஊர்ப் பெரியவர்கள் யாராவது அங்கே இருந்தால் முகம் சுளிப்பார்கள். கிருஷ்ணன் தூது சரியாக இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சுருக்கித் தருவார்கள், அதற்குக் கீழே பேரம் பேசாதே. கன்னடக்காரர்களுக்குப் புரியுமா என்று கவலைப்படாதே. உங்கள் ஊரில் தர்மராய சுவாமி கோயில் கரகம் திரௌபதிக்காகத்தான் எடுக்கிறார்கள், கதை அவர்களுக்கும் வீட்டுக்கதை. கூத்தில் கோமாளியாக வந்து சிரிக்க வைக்கும் கட்டியக்காரனிடம் மட்டும் உங்கள் தண்ணீர் லாரி சண்டையையும் லிஃப்ட் ரிப்பேரையும் முன்கூட்டியே சொல்லிவை. மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

பண விஷயம். வெற்றிலை பாக்கோடு முன்பணம், ஆட்டம் முடிந்ததும் மீதி கையில். வண்டிச் சத்தம், அதாவது வண்டி வாடகை, தனி. எங்கேயோ ஒரு நகரத்து விழாவில் சால்வை போட்டு, படம் எடுத்து, வண்டிச் சத்தம் தராமலே அனுப்பியதை நம்ம ஜமா வாத்தியார் இன்னும் சொல்லிக் குறைபடுகிறார். கதவு சாத்துகிற அறை ஒன்று, நல்ல வெளிச்சம், கண்ணாடி, படுக்கப் பாய் வேண்டும். சாப்பாடு எல்லோரோடும் ஒரே பந்தியில். பின்பக்கம் பொட்டலம் கொடுத்து அனுப்புகிற வேலை என் மகள் வீட்டு விழாவில் நடக்கக் கூடாது. வீடியோ எடுப்பதாக இருந்தால் முதலில் அவர்களைக் கேள். போடும்போது ஜமா பெயரும் வாத்தியார் பெயரும் மேலே வரட்டும், உங்கள் குடியிருப்புப் பெயர் கீழே இருந்தால் போதும்.

உன் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் இவ்வளவு செலவா என்று கேட்டால், போன வருடம் டிஜேவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேள். பற்றாக்குறை வந்தால் வண்டிச் சத்தத்தை நான் தருகிறேன், உன் அம்மாவிடம் சொல்லாதே.

வாத்தியார் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். நீயே பேசு, என்னை இடையில் வைக்காதே. காலையில் கூப்பிடாதே, எங்காவது ஆடிவிட்டு அப்போதுதான் படுத்திருப்பார். சாயங்காலம் ஐந்துக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா