பூனை உணவின் செய்முறையை மாற்றுவதற்கு முன் சொல்லுங்கள்

பூனை உணவு தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். என் பூனைக்கு 14 வயது. குடலில் நாள்பட்ட அழற்சி. கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த உங்கள் உணவு ஒன்றுதான் அவளுக்கு ஒத்துக்கொண்டது. இந்த முறை வாங்கிய பையிலும் அதே பெயர், அதே நிறம், அதே படம். உள்ளே இருந்த உணவு மட்டும் வேறு. வாந்தியும் பேதியும் தொடங்கிய பிறகு, பழைய பையைத் தேடியெடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் மூலப்பொருள்கள் மாறியிருப்பது தெரிந்தது.

புதிய உணவுக்கு 7 முதல் 10 நாட்களில், பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள் என்று நீங்களே பையில் அச்சிடுகிறீர்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். நீங்கள் மட்டும் ஒரே இரவில் மாற்றிவிட்டால், எதை எதோடு கலப்பது?

இப்படிப்பட்ட பூனைக்குச் சரியான உணவைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். ஓர் உணவைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரமாவது வேறெதுவும் வாயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தின்பண்டம் கூடாது, சுவையூட்டிய மாத்திரைகூடக் கூடாது. அது சரிப்படாவிட்டால் அடுத்த உணவு, மறுபடியும் முதலிலிருந்து.

ஆனால் என்னை அதிகம் வாட்டியது வேறு. வயதான பூனை வாந்தி எடுத்து மெலிந்தால் அது சிறுநீரகமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், பழைய அழற்சி திரும்பியிருக்கலாம், குடலில் புற்றுநோயாகக்கூட இருக்கலாம். வெளியே தெரியும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான். உணவு மாறியது தெரியாததால் இவை எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியதாயிற்று. ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். அந்த மெலிந்த உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பையின் முன்பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தால் முதலில் உணவைத்தான் பார்த்திருப்போம்.

அப்புறம் அவள் சாப்பிடுவதையே நிறுத்தினாள். 'இரண்டு நாள் வயிறு காயட்டும்' என்று பூனையை விட முடியாது. சில நாட்கள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதோடு, குமட்டலை உண்டாக்கிய உணவைப் பூனை பிறகு வெறுத்து ஒதுக்கும். அவளை இத்தனை காலம் காப்பாற்றிய அந்த வாசனையைக் கண்டாலே இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பழைய செய்முறையை நீங்கள் நாளையே கொண்டுவந்தாலும் அவள் தொடுவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

செய்முறையை மாற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மூலப்பொருள் கிடைக்காமல் போகலாம், மேம்பட்ட முறை வரலாம். மாற்றுவதற்கு முன் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

சொல்ல வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். 'இறைச்சி மற்றும் விலங்குசார் பொருட்கள்' என்று எழுதினால் எங்களுக்கு என்ன புரியும்? எந்த விலங்கு? கோழி ஒத்துக்கொள்ளாத பூனையை வைத்திருப்பவர் அந்தப் பையை எந்த நம்பிக்கையில் வாங்குவார்? கேட்பதற்குத் தொலைபேசியில் அழைத்தால், செய்முறை வணிக ரகசியம் என்கிறார்கள். எங்களுக்கு அளவுகள் வேண்டாம். எந்த இறைச்சி என்று தெரிந்தால் போதும்.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பணிவாகக் கேட்பது இதுதான்: செய்முறை மாறினால் பையின் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில், மாறிய பொருளின் பெயரோடு அச்சிடுங்கள். கால்நடை மருத்துவர்களுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே தெரிவியுங்கள். கலந்து மாற்றுவதற்கு வசதியாகப் பழைய உணவும் சிறிது காலம் கடையில் கிடைக்கட்டும். குறைந்தபட்சம், நோயுற்ற பூனைகளுக்கென்று நீங்கள் விற்கும் உணவுகளிலாவது இதை உடனே தொடங்குங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முதிய பூனையை வளர்ப்பவர்