புனித ஜஸ்டினின் தேடலைத் திருப்பிக் கொடுங்கள்: மறைக்கல்விப் பாடக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடக்குழுவின் அருட்தந்தையருக்கும் அருட்சகோதரிகளுக்கும்,

வணக்கம். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்து நம்பிக்கைக்காக உயிர் கொடுத்த மெய்யியலாளர் (தத்துவ அறிஞர்) புனித ஜஸ்டின். புதிய ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் அவரைப் பற்றிய பாடம், அவருடைய தேடல் இல்லாமல் எப்படிச் சுருங்கியது என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சுருக்கியதே நீங்கள்தான். அதனால் இந்த ஆண்டுத் தேர்வில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

"புனித ஜஸ்டின் எவ்வாறு கிறிஸ்தவரானார்?" ஐந்து மதிப்பெண் கேள்வி. விடைக்குறிப்பில் ஒரே வரி: கடற்கரையில் ஒரு முதியவரைச் சந்தித்தார், அவர் சொன்னதை நம்பி மனம் மாறினார். என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். கிடைத்தது ஒரு மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் "தேவையற்றது" என்று எழுதி, முதல் பக்கம் முழுவதையும் அடித்திருந்தார்கள்.

அடித்த பக்கத்தில் இருந்தது ஜஸ்டினே தன்னைப் பற்றிச் சொன்னதுதான். டிரிஃபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலின் தொடக்கத்தில் அந்தத் தேடலின் கதை வருகிறது. இன்று நாப்லஸ் என்று அழைக்கப்படும் பிளாவியா நெயாபொலிஸில், கிறிஸ்தவம் அறியாத குடும்பத்தில் பிறந்தவர். கடவுளை அறிய வேண்டும் என்று முதலில் ஸ்டோயிக் என்ற மெய்யியல் பள்ளியைச் சேர்ந்த ஓர் ஆசிரியரிடம் போனார். அவருக்கே கடவுளைப் பற்றித் தெரியவில்லை, தெரிய வேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை. அடுத்து அரிஸ்டாட்டில் வழிவந்த ஒருவர். சில நாளிலேயே கட்டணத்தைப் பேசி முடிப்போம் என்றார். ஜஸ்டின் எழுந்து வந்துவிட்டார். பித்தாகரஸ் வழிவந்தவரோ இசையும் வானியலும் வடிவியலும் தெரியாதவனுக்குப் பாடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியில்தான் பிளேட்டோவின் வழி. அங்கே மனதுக்குச் சிறகு முளைத்தது போல இருந்ததாம், சீக்கிரமே கடவுளைப் பார்த்துவிடுவோம் என்று நம்பினாராம். அது தன் மடமை என்றும் அவரே சொல்கிறார்.

இதில் எந்த வரி தேவையற்றது?

அந்த மாணவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன வருடம் அவள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். "இவ்வளவு ஜெபம் பண்றோம், கடவுள் ஏன் ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறார்?" என்று ஒரு ஞாயிறு வகுப்பில் கேட்டாள். அன்று வகுப்பெடுத்தவர், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார். அப்புறம் பல மாதம் அவள் வாயே திறக்கவில்லை. நான் பழைய குறிப்புகளிலிருந்து ஜஸ்டினின் கதையைச் சொன்ன அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாலு பேரிடம் போய்க் கேட்டு, நாலு இடத்திலும் தேடியது கிடைக்காமல் வந்த ஒருவர் புனிதராகியிருக்கிறார் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. தேர்வில் அவள் மனப்பாடம் செய்து எழுதவில்லை. தனக்குக் கிடைத்த ஒரு துணையைப் பற்றி எழுதினாள்.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "டீச்சர், அவர் அத்தனை பேர்கிட்ட போய்க் கேட்டது தப்பா?" என்றாள். பதினேழு வருடமாக வகுப்பெடுக்கிறேன். எனக்கு அன்று தொண்டை அடைத்துவிட்டது.

அந்த முதியவரையும் நீங்கள் சரியாகக் காட்டவில்லை. அவர் வந்தது தன் வீட்டாரைத் தேடிக்கொண்டு. வந்த இடத்தில் ஜஸ்டினிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்: மெய்யறிவு என்றால் என்ன, ஆன்மா தானாகவே அழிவற்றதா, பிளேட்டோ கடவுளைக் கண்டாரா? பதில்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்ட பிறகுதான் இறைவாக்கினர்களைப் படிக்கச் சொன்னார், ஒளியின் கதவுகள் திறக்க மன்றாடச் சொன்னார். பிறகு போய்விட்டார். ஜஸ்டின் அவரை மறுபடி பார்க்கவே இல்லை. கிறிஸ்தவர்கள் சாவுக்கு அஞ்சாததைக் கண்டு, அவர்களைப் பற்றிப் பரப்பிய பழி உண்மையாக இருக்க முடியாது என்று தானே சிந்தித்ததையும் வேறொரு நூலில் எழுதியிருக்கிறார். சொன்னார், நம்பினார் என்ற கணக்கு எங்கே வருகிறது?

கிறிஸ்தவரான பிறகும் அவர் மெய்யியலாளருக்குரிய மேலங்கியைக் கழற்றவில்லை. 155-ஆம் ஆண்டையொட்டிப் பேரரசர் அந்தோனினுஸ் பயஸுக்கு மடல் எழுதியபோது அவர் கேட்டதும், பெயரை வைத்துத் தண்டிக்காதீர்கள், விசாரித்துப் பாருங்கள் என்பதுதான். உங்கள் பாடத்தில் அந்த மடலிலிருந்து ஞாயிறு வழிபாட்டு வருணனை மட்டும் இருக்கிறது, விசாரிக்கச் சொன்னது இல்லை. சுமார் 165-இல் ரோமில் நகர ஆளுநர் ருஸ்திக்குஸ் முன் நின்றபோதும், எல்லாக் கொள்கைகளையும் கற்க முயன்றேன், கடைசியில் உண்மையானதைப் பற்றிக்கொண்டேன் என்றே சொன்னார். தலை போகும் நேரத்திலும் தேடலை மறைக்காத மனிதர் அவர். அதை நாம் மறைக்கிறோம்.

உறுதிபூசுதல் என்ற அருட்சாதனம் முடிந்ததும் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை என்று ஆண்டுதோறும் கூட்டம் போடுகிறோம். கைபேசியைக் குறை சொல்கிறோம், பெற்றோரைக் குறை சொல்கிறோம். கேள்வி கேட்ட பிள்ளையை உட்கார வைத்ததை எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. கேட்டால் நம்பிக்கை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு உண்மையில் எதன் மேல் நம்பிக்கை?

மன்னியுங்கள், கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. நீங்கள் சம்பளமில்லாமல் உழைக்கிறவர்கள், பக்கங்கள் குறைவு, எல்லாம் எனக்குத் தெரியும். கேட்பது ஒரு பக்கம்தான். ஜஸ்டினின் தேடலைப் பாடத்தில் மறுபடி சேருங்கள். புது அச்சு வரை காத்திருக்க வேண்டாம், ஒரு தனித்தாளாக அனுப்பினாலும் போதும். எழுதித் தரச் சொன்னால் நானே எழுதித் தருகிறேன். ஜூன் 1 அவர் திருநாள். அதற்குள் வந்தால் முதல் வகுப்பிலேயே நடத்திவிடுவேன்.

இன்னொன்று, அந்த விடைத்தாளைத் தயவுசெய்து மறுபடி திருத்துங்கள். மதிப்பெண் கூடுகிறதோ இல்லையோ, "தேவையற்றது" என்ற சொல்லை மட்டுமாவது அடித்துக் கொடுங்கள். தாள் என்னிடம்தான் இருக்கிறது, எப்போது சொன்னாலும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை