மாற்றுப் பொருள் கான்கிரீட்: 28 நாள் சோதனையோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டட இடிபாட்டுக் கழிவுகளுக்கென 2016இல் வந்த விதிகளுக்கு மாற்றாக, 2025இல் அறிவிக்கப்பட்டு 2026 ஏப்ரல் 1ஆம் தேதியை நடைமுறைத் தேதியாகக் கொண்ட மத்திய அரசின் புதிய விதிகள், பெரிய கட்டுமானங்களை மேற்கொள்வோர் தம் வேலையில் ஒரு பங்குக்கேனும் மறுசுழற்சிப் பொருள்களைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற நிலையை உருவாக்குகின்றன. கட்டுமானப் பொருள் பரிசோதனைக்கூடங்களில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால், இப்பொருள்களைச் சோதிக்கும் முறையை இப்போதே சீர்செய்யாவிட்டால், நல்ல நோக்கத்தோடு எழுப்பப்படும் கட்டடங்களில் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் கம்பி துருப்பிடித்துப் பூச்சு பெயர்ந்து விழத் தொடங்கும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. அதைத் தங்கள் வாசகர்களின் பார்வைக்கு வைக்கவே இக்கடிதம்.

மாற்றுப் பொருள் ஏன் வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியால் நேர்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி எரிபொருளால் வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே வாயு பிரிந்து வெளியேறுகிறது. எனவே சூளையை எவ்வளவு சிக்கனமாக எரித்தாலும் அந்தப் பகுதி குறையாது, சிமென்டில் கிளிங்கரின், அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறும் மூலப்பொருளின், அளவைக் குறைத்தால்தான் குறையும். மறுபுறம், ஆற்று மணலை அள்ளி முடித்துவிட்டு எம்-சாண்டுக்கும் ஜல்லிக்கும் மலைகளை உடைத்துக்கொண்டிருக்கிறோம். இதன் விளைவை ஒவ்வொரு மாவட்டத்திலும் மக்கள் கண்ணெதிரே பார்க்கிறார்கள்.

இந்நிலையில் அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பாலைக் கசடு, சர்க்கரை ஆலையின் கரும்புச் சக்கைச் சாம்பல், அரிசி ஆலையின் உமிச் சாம்பல், இடித்த கட்டடத்தின் ஜல்லி என்று பலவும் கான்கிரீட்டுக்குள் வரப் பார்க்கின்றன. இவற்றில் பல உண்மையிலேயே நல்ல பொருள்கள். ஆனால் அவை நல்லவை என்று நாம் முடிவு செய்யும் விதம் பெரும்பாலும் ஒரே ஒரு சோதனையில் அடங்கிவிடுகிறது. 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கியூப்களை வார்த்து, 27 டிகிரி வெப்பநிலையில் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் எந்திரத்தில் வைத்து நசுக்கி, வந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். எண் போதுமானதாக இருந்தால் பொருள் தேறிவிட்டது என்று அறிக்கை எழுதிவிடுகிறோம்.

கியூப் சோதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எளிமையானது, மலிவானது, எந்த ஊரிலும் செய்யக்கூடியது. அது சொல்லும் செய்தியும் முக்கியமானதுதான். ஆனால் அமுக்கு வலிமை என்ற ஒரே செய்தியை மட்டும் அது சொல்கிறது. அந்தக் கான்கிரீட்டுக்குள் உப்பு எவ்வளவு வேகமாக நுழையும், காய்ந்து சுருங்கும்போது எவ்வளவு விரிசல் விடும், பாரம் ஏறினால் உத்தரம் எவ்வளவு தொய்யும் என்பவற்றை அது சொல்வதில்லை. வழக்கமான சிமென்டும் கருங்கல் ஜல்லியும் சேர்ந்த கலவையில், பல தலைமுறை அனுபவத்தைக் கொண்டு, வலிமையிலிருந்து மற்றப் பண்புகளை ஓரளவு ஊகித்துவிடலாம். பொருள் மாறும்போது அந்த ஊகம் செல்லுபடியாகாது. ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு கியூப்களில் ஒன்று கருங்கல் ஜல்லியாலும் மற்றொன்று மறுசுழற்சி ஜல்லியாலும் ஆனதாக இருந்தால், இரண்டாவது கலவையில் வார்த்த உத்தரம் அதே பாரத்தில் கூடுதலாகத் தொய்யும், கூடுதலாகச் சுருங்கும். வலிமை சமமாக இருந்தாலும் விறைப்பு சமமாக இருப்பதில்லை.

மறுசுழற்சி ஜல்லியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இடித்த கான்கிரீட்டை உடைத்து எடுக்கும் ஜல்லியில் பழைய கலவை ஒட்டியபடியே இருக்கிறது. அந்த ஒட்டுக் கலவை நுண்துளைகள் நிறைந்தது. நல்ல கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக நீர் உறிஞ்சும் இடத்தில், இது அதைப் போல் பல மடங்கு உறிஞ்சும். முன்கூட்டியே நனைத்து வைக்காமல் கலவை எந்திரத்தில் கொட்டினால் அது கலவையின் நீரை இழுத்துக்கொள்ளும். கலவை இறுகிவிட்டதென்று வேலையிடத்தில் ஒரு வாளித் தண்ணீரைச் சேர்ப்பார்கள், அத்தோடு வடிவமைத்த விகிதமே போய்விடும். பரிசோதனைக்கூடத்தில் ஜல்லியை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, மேல்நீரை ஒற்றியெடுத்து, எடை பார்த்துக் கலக்கிறோம். வேலையிடத்தில் அது எவ்வாறு நடக்கும் என்பதையும் சேர்த்தே சோதித்தால்தான் அந்தச் சோதனைக்குப் பொருளிருக்கும்.

இந்தியத் தர நிறுவனம் ஜல்லி, மணலுக்கான ஐ.எஸ். 383 தரநிலையை 2016இல் திருத்தியபோது இதில் நிதானமாகவே நடந்துகொண்டது. கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையிலும், கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்-25 என்ற வலிமைத் தரம் வரை மட்டும் 20 சதவீதம் வரையிலும், அடித்தளத்துக்கு இடும் மெலிந்த கலவையில் முழுமையாகவும் பயன்படுத்த அது அனுமதிக்கிறது. செங்கல், ஓடு, பூச்சு எல்லாம் கலந்த இடிபாட்டு ஜல்லிக்குக் கம்பி போட்ட கான்கிரீட்டில் இடமே இல்லை. இனி கான்கிரீட் கட்டுமானத்துக்கான தரநிலையான ஐ.எஸ். 456ஐ இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கடற்கரைச் சூழலுக்கு நேரடியாக ஆட்படும் கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம்-30 ஆக இருக்க வேண்டும் என்றும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. அப்படியானால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய ஊர்களில் கடற்காற்றுக்கு எதிரே நிற்கும் தூண்களிலும் தளங்களிலும் மறுசுழற்சி ஜல்லியைச் சேர்க்கத் தரநிலை இடம் தரவில்லை. அங்கெல்லாம் அது நடைபாதைக் கல், சாலையோர விளிம்புக் கல், அடித்தள மெத்தைக் கான்கிரீட் போன்றவற்றுக்கே உரியது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் சென்னை மாநகராட்சிக்காக இயங்கும் இடிபாட்டுச் செயலாக்க நிலையங்களின் பொருளை இத்தகைய வேலைகளுக்கு முழு மனத்தோடு வாங்கினாலே பெரும் அளவு பயன்பட்டுவிடும். விதி சொல்லும் பங்கை எட்டுவதற்காகத் தூணுக்குள் திணிக்க வேண்டிய தேவையில்லை.

இடிபாட்டோடு வருபவற்றையும் பார்க்க வேண்டும். பொய்க்கூரைக்கு இட்ட பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்திருந்தால் சல்பேட் வரும், அது இறுகிய கான்கிரீட்டுக்குள் வீங்கி விரிசல் உண்டாக்கும். கடலோரத்தில் நாற்பது ஆண்டுகள் நின்ற கட்டடத்தின் கான்கிரீட்டில் கடல் உப்பின் குளோரைடு ஊறியிருக்கும். அதை உடைத்துப் புதிய கட்டடத்தில் போட்டால் துருவுக்கான விதையை நாமே ஊன்றியதாகும். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 456 வகுத்த எல்லை. ஒவ்வொரு கட்டடத்தின் இடிபாடும் வெவ்வேறு வரலாறு உடையது என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதிரியைச் சோதித்து வாங்கிய சான்றிதழ் ஆண்டு முழுவதும் வரும் பொருளுக்குச் சான்றாகாது.

சாம்பலின் நிலையும் இதுவே. மின்நிலையத்தின் புகையிலிருந்து மின்னேற்றத்தால் பிடித்தெடுக்கும் நுண்ணிய உலர் சாம்பல் கான்கிரீட்டுக்கு மிக நல்ல சேர்மானம். சிமென்ட் வினையில் மிஞ்சும் சுண்ணாம்போடு சேர்ந்து அது புதிய பிணைப்பை உருவாக்கி நுண்துளைகளை அடைக்கிறது. அதே நிலையத்தில் நீரில் கரைத்துக் குளத்துக்கு அனுப்பப்பட்ட சாம்பலோ அடிச்சாம்பலும் சேர்ந்து பருமனாகக் கிடப்பது. கரைத்த நீரில் உப்பு இருந்தால் அதுவும் உடன் வரும். எண்ணூரில் குழாய் உடைந்தும் கசிந்தும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பலால் மீனவ மக்கள் பட்ட துயரத்தை நாமறிவோம். அச்சாம்பல் அகற்றப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அகற்ற வேண்டும் என்ற அவசரம், அது கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஏற்றது என்பதற்குச் சான்றாகிவிடாது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலோ சுண்ணாம்புச் சத்து மிகுந்தது, வேறு இயல்புடையது. எண்ணூர்ச் சாம்பலுக்குக் கிடைத்த முடிவை அதற்குப் பொருத்தக் கூடாது.

சாம்பல் கலந்த கான்கிரீட் மெதுவாகவே வலிமை பெறும். 28ஆம் நாளில் சற்றுப் பின்தங்கி நின்று, 90ஆம் நாளில் வழக்கமான கலவையை எட்டவும் முந்தவும் கூடும். 28ஆம் நாளோடு நிறுத்தும் சோதனை, நல்ல பொருளைத் தவறாகத் தள்ளிவிடுகிறது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாளும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த சூழலில் 14 நாளும் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் அது நடக்கிறது? கோடை வெயிலில் மூன்று நாள் தெளித்துவிட்டு நிறுத்தும் தளத்துக்கும் தொட்டியில் 28 நாள் மூழ்கிக் கிடந்த கியூபுக்கும் தொடர்பே இல்லை. மாற்றுப் பொருள் சேரச் சேர அந்த இடைவெளி அகன்றுகொண்டே போகிறது. ஆகவே தொட்டியில் வைக்கும் கியூப்களோடு, வேலையிடத்திலேயே அதே வெயிலில் அதே தண்ணீரோடு கிடக்கும் கியூப்களையும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது கட்டாயமாக வேண்டும்.

நீடித்த உழைப்பைக் காட்டும் சோதனைகள் நமக்குப் புதியவை அல்ல. 100 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட வட்டில் 60 வோல்ட் மின்னழுத்தத்தை 6 மணி நேரம் செலுத்தி, குளோரைடு எவ்வளவு எளிதில் ஊடுருவும் என்று கணிக்கும் சோதனை பெருநகரக் கூடங்களில் கிடைக்கிறது. உடைத்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை குலையாத பகுதி இளஞ்சிவப்பாகும், காற்றின் கரியமில வாயுவால் அதை இழந்த பகுதி நிறம் மாறாமல் நிற்கும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, ஒரு பாலிடெக்னிக் மாணவரே செய்யலாம். இவ்விரண்டையும் சேர்த்துச் செய்வது முக்கியம். சாம்பலும் கசடும் கலந்த கான்கிரீட் பொதுவாக உப்பை நன்றாகத் தடுக்கிறது, ஆனால் அதில் சுண்ணாம்பு குறைவதால் கரியமில வாயு சற்று விரைந்து உட்புகுகிறது. எனவே எண்ணூர்க் கரைக்கு உகந்த கலவையை, உப்புக் காற்றே இல்லாத சேலத்தில் ஒரு மேம்பாலத்தின் மெல்லிய கைப்பிடிச் சுவருக்கு அப்படியே பரிந்துரைக்க முடியாது.

நம் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடித் தூள், டயர்த் துகள், தாமிரக் கசடு என்று எண்ணற்ற ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. மாணவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன், பலருக்குக் கூடத்தில் உதவியும் இருக்கிறேன். ஆனால் ஒரு விகிதத்துக்கு மூன்று கியூப், 28ஆம் நாளில் ஒரு வரைபடம், பிறகு அலமாரி என்று அவ்வுழைப்பு முடிந்துவிடுவது மனத்தை வருத்துகிறது. தாமிரக் கசடையே எடுத்துக்கொள்ளுங்கள். மணலுக்கு மாற்றாகக் கம்பி போட்ட கான்கிரீட்டில் அதை 35 சதவீதம் வரை தரநிலை அனுமதிக்கிறது. ஆயினும் தூத்துக்குடி உருக்காலை 2018இல் மூடப்பட்டபின், அதை நம்பிச் செய்த ஆய்வுகளுக்கு இங்கே பொருளே கிடைக்கவில்லை. எங்கிருந்து, எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்ற கேள்வியும் சோதனையின் ஒரு பகுதியாக வேண்டும். கரும்புச் சக்கைச் சாம்பலும் உமிச் சாம்பலும் இவ்வகையில் நமக்கு உறுதியானவை, கரும்பும் நெல்லும் விளையும்வரை அவை வரும். சக்கைச் சாம்பலில் எரியாத நார்த்துகளைச் சலித்து நீக்கி அரைக்க வேண்டும், உமியைக் கட்டுப்பட்ட வெப்பத்தில் எரிக்க வேண்டும். அவ்வளவு கவனம் போதும்.

சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்.சி.3 சிமென்டுக்கு 2023இல் ஐ.எஸ். 18189 என்ற தரநிலை வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் பல ஆண்டுகள் சோதித்ததன் பயன் அது. சுட்ட மண்ணைச் சுண்ணாம்போடு சேர்ப்பது நம் கொத்தனார்களுக்குப் புதிதல்ல. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும்தான் பிணைப்புப் பொருள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ட்ரீட் தீவில் 1936 முதல் அந்நாட்டு ராணுவப் பொறியாளர் படை, கான்கிரீட் மாதிரிகளைக் கடலலை படும் மேடையில் வைத்து ஆண்டுக்கணக்கில் கவனித்து வருகிறது. அதைப் போன்ற இரண்டு திடல்களைத் தமிழக அரசு அமைக்க வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று எண்ணூர் அல்லது தூத்துக்குடிக் கரையிலும், மற்றொன்று சேலம் அல்லது கோவைப் பகுதியிலும் அமையலாம். கம்பி போட்ட சிறு தூண்களை ஒவ்வொரு மாற்றுப் பொருளிலும் வார்த்து, ஒரு பாதியை விதிப்படி 14 நாளும் மறுபாதியை வழக்கப்படி 3 நாளும் நீராற்றி நிறுத்திவிட்டு, ஆண்டுதோறும் துளையிட்டு மாதிரியெடுத்து, குளோரைடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளக்க வேண்டும். பொதுப்பணித் துறையின் பொறுப்பில், அருகிலுள்ள அரசுப் பொறியியல் கல்லூரிகளின் மாணவர்களைக் கொண்டே இதைச் செய்யலாம். தோற்ற கலவைகளின் முடிவுகளும் மறைக்கப்படாமல் தமிழில் வெளியிடப்பட வேண்டும். வீடு கட்டுபவரும் மேஸ்திரியும் ரெடிமிக்ஸ் விற்பவரும் அவற்றைப் பார்த்து முடிவெடுக்க வழி பிறக்கும். அதுவரை, அரசு ஒப்பந்தங்களில் மறுசுழற்சிப் பொருள் சேரும் ஒவ்வொரு வேலைக்கும் 90ஆம் நாள் வலிமையையும், நீர் உறிஞ்சுதலையும், குளோரைடு அளவையும் ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியே பதிவு செய்யும் நிபந்தனையையாவது ஒப்பந்தப் புள்ளி ஆவணத்தில் சேர்க்கலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
சென்னை.