எப்வர்த்தில் ஒரு குசினி

அன்புள்ள அம்மாவுக்கு,

காசு அனுப்பிவிட்டேன், வெள்ளிக்கிழமைக்குள் வங்கிக்கு வந்துவிடும். மே மாதமாகியும் இங்கே இங்கிலாந்தில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போக முடியவில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். நானும் மெதடிஸ்த பிள்ளை என்று அறிந்த நாளிலிருந்து, "எப்வர்த் போனாயா?" என்று ஓயாமல் கேட்பார். அவருடைய கரைச்சல் தாங்காமல் சனிக்கிழமை பஸ் ஏறினேன். சுற்றிலும் தட்டையான வயல், நடுவில் சிறிய மேட்டில் ஊர். நம் மெதடிஸ்த சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1703இல் பிறந்தது இங்கேதான்.

பிறந்த வீடு 1709இல் எரிந்துபோனது. ஐந்து வயது ஜோனை, ஒருவர் தோளில் மற்றவர் ஏறி நின்று மாடி ஜன்னல் வழியாக இறக்கினார்களாம். பிறகு செங்கல்லால் கட்டிய வீடு இப்போது அருங்காட்சியகம். நான் அதிக நேரம் நின்றது அதன் குசினியில்.

தகப்பன் சாமுவேல் அந்த ஊர் ஆங்கிலிக்கன் கோவிலின் குருவானவர். 1712ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் இலண்டன் போயிருக்க, தாய் சூசன்னா ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளை இருத்தி ஜெபமும் பிரசங்க வாசிப்பும் நடத்தினார். அயலவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர, கூட்டம் 200 பேருக்கு மேல் போய்விட்டது. உதவிக் குருவுக்குப் பொறுக்குமா? இலண்டனுக்குக் கடிதம் பறந்தது. நிறுத்தச் சொன்ன கணவருக்குச் சூசன்னா எழுதிய பதிலைக் கேளுங்கள்: "விருப்பம்" என்று சொன்னால் போதாது, கட்டளையாகவே எழுதுங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் பழி என்மேல் வரக்கூடாது! அவர் அப்படி எழுதவில்லை. கூட்டம் தொடர்ந்தது. அம்மா, உங்கள் குரல்தான் காதில் கேட்டது.

1742 ஜூனில் ஜோன் ஊருக்கு வந்தபோது, அப்பா ஏறிய அதே பிரசங்க மேடையில் அவருக்கு இடம் மறுத்துவிட்டார்கள். அன்று மாலை கோவில் வளவில் அப்பாவின் கல்லறைமேல் ஏறி நின்றே பிரசங்கித்தார். அடுத்த மாதம் இலண்டனில் தாய் கண்மூடினார். அந்தக் கல்லை நானும் பார்த்தேன், தொட மட்டும் பயம். அப்பப்பாவின் கல்லறையில் கால் பட்டதற்குச் சேமக்காலையில் வைத்தே எனக்கு விழுந்த குட்டு மறக்குமா?

இப்போதுள்ள மெதடிஸ்த ஆலயம் வெஸ்லியின் நினைவாக 1889இல் எழுந்தது, ஊசிக் கோபுரத்தோடு. இதே ஊரில் பிறந்த அலெக்சாண்டர் கில்ஹாம், சபை நிர்வாகத்தில் சாதாரண விசுவாசிகளுக்கும் பங்கு வேண்டும் என்று சண்டைபிடித்து 1796இல் வெளியேற்றப்பட்டு, 1797இல் தனிச் சபை தொடங்கினார். அவர் பெயரிலும் இங்கே ஓர் ஆலயம் கட்டினார்கள். நம் சபைக் கூட்டச் சண்டைகளை இனி நான் குறை சொல்லமாட்டேன்.

திரும்பி வந்து பாட்டியிடம், 1814இல் மெதடிஸ்த மிஷனரிமார் லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் வந்த கதையைச் சொன்னேன். "அவ்வளவு தூரமா போனார்கள்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தேநீர் ஆறிப்போனது.

அப்பாவுக்குக் கல்லறைக் கதையை மட்டும் சொல்லுங்கள். குசினிக் கதை நமக்குள் இருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்